பீரோ இருந்த சுவர்

“காயட்டும்க்கா. காஞ்சாத்தான் சுவத்தோட கொணம் தெரியும்” என்று சொல்லிவிட்டு பெயின்டர் சகாயம் வாளியும் பிரஷ்ஷுமாகப் போய்விட்டான். பெரிய மேதாவி. அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான், இங்கே உட்கார்ந்து அது காய்வதைப் பார்க்கிறவள் இந்திராணி அல்லவா. பின்அறையின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவள் எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும், சீக்கிரம் காய்ந்தால் சீக்கிரம் தெரியும் என்று தோன்றவே சாத்தினாள், சாத்தினால் டிஸ்டம்பர் நெடி மூக்கில் ஏறியது, வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று மறுபடி திறந்தாள். வீடு பார்க்க ஆள் வருகிறது. ராகு காலம் முடிந்ததும் வந்துவிடுவார்கள் என்று புரோக்கர் பீர்முகமது நேற்றே சொல்லியிருந்தார். புருஷன் தனுஷ்கோடி அவர்களுக்கு வழிகாட்டத் தெருமுனையில் போய் நிற்கிறார். போன் இருக்கிறது, போனில் வழி இருக்கிறது, ஆனாலும் தான் போய் நின்றால்தான் யாரும் வீடு வந்து சேருவார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். செருப்பை மாட்டியவர் திரும்பி வந்து இந்த அறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “தெரியலைல்ல?” என்றார். “தெரியல” என்றாள். அந்தத் தைரியத்தில் போனார். இப்போது தெரிகிறது. ஈரத்தில் அடர்த்தியாக இருந்த சந்தனக் கலர் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வர, இடது பக்கம் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கோடு எழும்பியிருந்தது. மயிரிழைதான். மேலே போய் இன்னும் வளையவில்லை, வலது பக்கம் இன்னும் ஈரம். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எல்லாம் பீரோவை நகர்த்தியதால் வந்த வினை. “ரூம் காலியா இருந்தாத்தான்க்கா பெருசாத் தெரியும், எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்ருங்க” என்று பீர்முகமது சொல்ல, இவரும் தலையை ஆட்டிவிட்டார், இவருக்கு யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டத்தான் தெரியும், அம்மா சொன்னபோதும் ஆட்டினார், இப்போது புரோக்கர் சொன்னாலும் ஆட்டுகிறார். இருபத்தேழு வருஷம் அசையாத பீரோ. அவள் கல்யாணத்துக்கு அப்பா செய்த சீர், ஆள் உயரக் கண்ணாடி பதித்தது, தேனியிலிருந்து வேனில் வந்தது. இறக்கும்போதே மாமியார் நின்று கை காட்டினாள், பின்ரூமில் அந்தச் சுவரில் என்று. புதுப்பெண்ணாக இருந்தும் வாயை அடக்க முடியாமல், ஜன்னல் பக்கம் வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம் விழுமே அத்தை என்று இவள் சொன்னாள். “அங்கதான்த்தா லட்சணமா இருக்கும்” என்றாள் மாமியார், எத்தனை பிரியமான குரல். அன்றிலிருந்து இருட்டில் நின்று தலை சீவினாள், இருட்டில் நின்று பொட்டு வைத்தாள், பொட்டு கோணியிருக்கிறது என்று தெருவில் யாராவது சொன்னால்தான் தெரியும். முதல் மழையில் பீரோவின் தலைக்கு மேலே வில் போல ஒரு கீறல் எட்டிப் பார்த்தது. என்ன அத்தை இது என்றதற்கு, “ஜன்னல் வைக்கலாம்னு இடிச்சோம்த்தா, அப்புறம் வேணாம்னு அடைச்சிட்டோம்” என்று கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். தரை மட்டத்திலிருந்து யாராவது ஜன்னல் வைப்பார்களா என்று கேட்கத் தெரியவில்லை, ஏனென்றால் தரை வரைக்கும் கீறல் போகிறது என்றே அப்போது தெரியாது, பீரோதான் நிற்கிறதே, அப்பா கடன் சொல்லிச் செய்துகொடுத்த பீரோ. அதுதான் அவளுக்கு ஆறவே ஆறாத விஷயம். மறைத்தார்கள், சரி, ஊர் உலகத்தில் மறைக்காதவர் யார், ஆனால் மறைக்கிறதுக்கு அவள் அப்பாவின் சீரா கிடைத்தது.

தண்ணீர்க் குழாயடியில்தான் உண்மை தெரிந்தது. இட்லிக்கடைப் பொன்னுத்தாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, “அந்த ரூம்லயா படுக்குறீக, ஒனக்கு நெஞ்சழுத்தம்தேன்” என்றாள். எந்த ரூமில் படுத்தால் என்ன என்று இவள் கேட்க, பொன்னுத்தாயி குடத்தை இறக்கிவிட்டாள். இவளுக்குத் தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது. முதல் தாரம் கஸ்தூரி மஞ்சள் காமாலையில் மதுரை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லித்தான் இந்திராணியைப் பெண் கேட்டு வந்தார்கள். மஞ்சள் காமாலை நிஜம். ஆஸ்பத்திரி பொய். இந்த அறையில்தான், இந்த ஜன்னலுக்குக் கீழேதான், அதுவும் அவிட்ட நட்சத்திரத்தில். அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. தலைவாசல் வழியாகக் கொண்டுபோனால் போன உயிர் வந்த வழியே திரும்பி வந்து வீட்டில் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொள்ளும் என்று ஜோசியர் சொல்ல, பின்சுவரைக் கடப்பாரையால் இடித்து, அந்த வழியாகப் பாடையைச் சாய்த்து வெளியே எடுத்து, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் கொத்தனாரை வைத்து அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்தால் சுவர்தான் இருக்கும். ஆறு மாசம் அறையைப் பூட்டிப் போட்டார்கள். பூட்டைத் திறந்து வெள்ளையடித்த கையோடு தேனிக்கு வந்து இந்திராணியைப் பார்த்தார்கள். அவள் தலைகொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு அந்தத் தலைவாசல் வழியாக வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

அன்று ராத்திரி அவரிடம் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, “அம்மாதான் சொல்ல வேணாம்னுச்சு” என்றார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இந்த வீட்டில் கிடையாது, அந்தப் பேரும் கிடையாது. திவசத்துக்கு ஐயரிடம் சொல்லும்போது கூட, அவர் ஐயர் காதுக்குள் சொல்வார். மழைக்காலம் முடிந்ததும் சிமென்ட்டைக் குழைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சந்துக்குள் போய், வெளிப்பக்கத்திலிருந்து ஒற்றை ஆளாகப் பூசிவிட்டு வருவார், ஆள் வைத்துக்கொள்ள மாட்டார், கேட்டால் சின்ன வேலைதானே என்பார். வருஷா வருஷம் பூசினாலும் வருஷா வருஷம் கீறல் விடும். பழைய சுவரும் புதுச் செங்கலும் சேராதுக்கா என்று சகாயம் இன்று காலையில் சாதாரணமாகச் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. ஆரம்பத்தில் பயம்தான், சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் குடிக்கிற பயம். மகள் வினோதா வயிற்றில் இருந்தபோது ஒரு மாசம் தூங்கவேயில்லை. சுவருக்கு வெளியே அந்தப் போனவள் நின்றுகொண்டிருப்பாள், வழி தெரியாமல் தடவிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பாள், பீரோவுக்குள் துணி சரிந்தாலும் குலை நடுங்கும். அப்புறம் எப்போது அது அக்கா ஆயிற்று என்று தெரியவில்லை. பிரசவம் நல்லபடி முடிந்தபிறகா, மாமியார் படுத்த படுக்கையான பிறகா. பாரு அக்கா இந்த மனுஷனை, உப்புப் போட்டேனா இல்லையா, நீயாவது சொல்லேன். உனக்கும் இப்படித்தான் பதில் சொல்லாமல் கிடந்தாரா. மனசுக்குள்தான், உதட்டைக்கூட அசைக்காமல். பேரைச் சொல்லி ஒரு தரம் கூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாளோ என்று ஒரு மூலையில் இன்னும் இருந்தது, ஐம்பது வயதாகியும்.

போதும் இந்த வீடு. எத்தனை தடவை சொல்லியிருப்பாள், மனசுக்குள். இப்போதுதான் காலம் வாய்த்திருக்கிறது. வினோதா ஓசூரில் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்து வைத்திருக்கிறாள், “இத வித்தாத்தான்மா அது, சும்மா யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க” என்று தினமும் போன், பேத்தி ஓடி வந்து போனைப் பிடுங்கி அம்மாச்சி எப்ப வருவ என்கிறது. மூன்றாவது மாடி, எல்லாம் புதுச் சுவர், யாரும் பிறக்கவுமில்லை சாகவுமில்லை. இதற்கு முன் வந்த இரண்டு பேரில் ஒருத்தர் பீரோவுக்கு மேலே இருந்த வளைவைப் பார்த்துவிட்டு, இவளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார், உள்ளூர் ஆள், கண்டுபிடித்துவிட்டார். இன்று வருகிறவர்கள் கரூர்ப் பக்கம், இங்கே மில்லுக்கு மாற்றலாகி வந்த பையனுக்காகப் பார்க்கிறார்கள், அம்மாவும் மருமகளும் வருகிறார்கள். கல்யாணம் ஆகி மூன்று மாசம்தான் ஆகிறது என்று பீர்முகமது சொன்னார். எதற்கு அதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். புதுப்பெண்ணுக்கு எந்த அறையைக் கொடுப்பார்கள், இதைத்தான் கொடுப்பார்கள், இதுதானே கடைசி அறை, சத்தமில்லாத அறை. கட்டிலை எங்கே போடுவார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் ஏதாவது சீர் செய்திருப்பாரே, பீரோவோ டிரஸ்ஸிங் டேபிளோ, முதல் மழையில் கீறல் வந்ததும் அதைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துவார்கள். சே, என்ன நினைப்பு இது. யார் வீட்டில்தான் யாரும் சாகவில்லை. அடைப்பாவது ஒன்றாவது, அவர்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள், இதெல்லாம் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களிடம் சொன்னால் என்ன. நம்பாதவர்களிடம் சொல்லாவிட்டால்தான் என்ன. வினோதா கேட்டால் வாயைத் தைத்துவிடுவாள். சொன்னால் இந்த வீடு விற்காது, ஊர் முழுக்கப் பரவும், அப்புறம் இவள் இங்கேயே கிடந்து, இந்த அறையிலேயே, கடைசியில் எந்த வழியாக வெளியே போவாளோ. எழுந்து போய்ச் செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள்.

திரும்பி வந்தால் மேலே வளைந்துவிட்டிருந்தது. இடது கோடு ஏறி, தலைக்கு மேலே வளைந்து, வலது பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது. சகாயம் மிச்சம் வைத்துவிட்டுப் போன, கீறல் அடைக்கிற பட்டி டப்பாவில் விரலை விட்டுக் கோட்டின் மேல் இழுத்தாள், வெள்ளையாகத் தடம் விழுந்தது, முன்னைவிட மோசம், முந்தானையால் ஒற்றினாள், டிஸ்டம்பர் சேலையில் ஒட்டிக்கொண்டது. காலண்டரை மாட்டலாமா, ஆள் உயரத்துக்கு எந்தக் காலண்டர் இருக்கிறது. ஆணி அடித்தால் பூச்சு பெயர்ந்து விழும். கொடியில் போர்வையைக் காயப்போட்டது மாதிரி... வீட்டுக்குள்ளா, பைத்தியம் என்று நினைப்பார்கள். பின்வராந்தாவுக்குப் போய்ப் பீரோவை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளிப் பார்த்தாள். காலையில் மூன்று பேர் தூக்கி வைத்த பீரோ. ஒரு சாண் நகர்ந்து கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், தோளில் சந்தனக் கலர், நெற்றியில் பொட்டு கோணல். இவளையா இத்தனை வருஷம் இருட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம், காதோரம் இத்தனை நரையா. பொட்டை நேராக்கினாள். எதற்கு அழுகை வருகிறது என்று கோபமாக இருந்தது. வெளியே கேட் கொண்டி தட்டுகிற சத்தமும், “வாங்க வாங்க, செருப்பு இருக்கட்டும்” என்று தனுஷ்கோடியின் விருந்துக் குரலும் கேட்டன.

வந்த அம்மாள் கெட்டிக்காரி. உட்காரவேயில்லை. நேரே அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து, “போர்த் தண்ணிங்களா? உப்பா இருக்குங்களா?” என்று ஆரம்பித்துவிட்டாள். தனுஷ்கோடி டம்ளரைத் தேடினார். மருமகள் நிவேதா, ஒல்லியாக, தாலிச்சரட்டில் மஞ்சள் கூட மாறவில்லை, எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே உள்ளே நடந்தாள், நடந்து நடந்து, கடைசியில் இந்த அறைக்குத்தான் வந்தாள். இந்திராணி பின்னாலேயே ஓடினாள்.

“இது நல்லா இருக்குதுங்க்கா. சத்தமே இல்ல.”

“ஆமாம்மா.”

“எங்களுக்கு இதத்தான் குடுப்பாங்கன்னு நெனைக்கிறேன்” என்று சொல்லி அந்தப் பெண் வெட்கப்பட்டாள். பிறகு தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள். வலது கோடும் தரையைத் தொட்டுவிட்டிருந்தது. குழந்தை படம் போட்டது மாதிரி, முழு வாசல். “இங்க முன்னாடி கதவு இருந்துச்சுங்களா?”

பதில் தயாராக இருந்தது. காலையிலிருந்து, இல்லை, இருபத்தேழு வருஷமாகத் தயாராக இருந்தது. “ஜன்னல் வைக்கலாம்னு இடிச்சோம்த்தா” என்று வந்துவிட்டது வாயில், அந்தத் ‘த்தா’வோடு, அதே பிரியத்தோடு, கீரை ஆய்கிற கை கூட மடியில் அசைந்தது மாதிரி இருந்தது. தன் வாய்க்குள்ளிருந்து மாமியார் பேசியதைக் கேட்டு இந்திராணிக்கு உடம்பு கூசியது. அந்தப் பெண் நம்பித் தலையாட்டியது. அன்று தான் ஆட்டியது மாதிரியே.

“இல்லம்மா” என்றாள். “ஜன்னலும் இல்ல, கதவும் இல்ல. பொய் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு மொத சம்சாரம் ஒருத்தி இருந்தா. இந்த ரூம்லதான் செத்தா. அவிட்டத்துல. தலைவாசல் வழியா எடுக்கக் கூடாதுன்னு இதை இடிச்சு இந்த வழியாக் கொண்டுபோனாக. அதுக்கப்புறம் என்னையக் கட்டுனாரு. எங்கிட்ட யாரும் சொல்லல. இத்தன வருசம் இங்கதான் படுத்தேன், எனக்கு ஒண்ணும் ஆகல, ஆனா சொல்லிருக்கணும். யாராவது சொல்லிருக்கணும்மா எங்கிட்ட.”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். பயந்துதான் போயிருந்தாள், முகத்தில் தெரிந்தது. ஓடிவிடுவாள் என்று இந்திராணி நினைத்தாள். ஓடாமல், மெதுவாக, “அவங்க பேரு என்னங்க்கா?” என்று கேட்டாள்.

“கஸ்தூரி” என்றாள் இந்திராணி. வாய்விட்டு. அறை காலியாக இருந்ததால் பேர் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. அறை வாசலில் டம்ளரோடு தனுஷ்கோடி நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தாரோ, கையில் தண்ணீர் தளும்பி வேட்டியில் சிந்தியிருந்தது. அவருக்குப் பின்னால் அந்த அம்மாளின் குரல், “ஏம் பாப்பா, ரூம் எப்புடி?”

நிவேதா இந்திராணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “வீட்டுக்குப் போய்ச் சொல்றேனுங்கத்தை” என்றாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. இந்திராணி ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள், திட்டட்டும், டம்ளரைத் தூக்கி எறியட்டும், வினோதாவுக்குப் போன் போட்டு உங்கம்மா பண்ணின காரியத்தைப் பார் என்று சொல்லட்டும், ஓசூர் போச்சு, பேத்தி போச்சு, எல்லாம் போச்சு. அவர் உள்ளே வந்து ஜன்னல் கட்டையில் டம்ளரை வைத்தார். அவர் கண் அந்தக் கோட்டின் மேலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“தெருமுனையில நிக்கும்போது நானும் சொல்லிரலாம்னுதான் நெனச்சேன்” என்றார். “அந்தப் புள்ளையப் பாத்ததும். வாய் வரல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உனக்கும் சொல்லியிருக்கணும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வராந்தாவுக்குப் போனார், பீரோவின் மேல் கை வைத்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“எதுத்த வீட்டுப் பசங்களக் கூப்புட்டு இத உள்ள வச்சிரலாம். எங்கன வைக்கட்டும்?”

யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. இந்திராணி எழுந்தாள். நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், புதுசாக வந்தவள் பார்ப்பது மாதிரி. “ஜன்னல் பக்கம் வைங்க” என்றாள். “இந்தச் சுவரு இப்படியே இருக்கட்டும்.”